ஓர் எல்பி ஓடி முடிவதற்குள் இருபது கட்டிங்

கட்டிங் என்றால் குச்சியை வெட்டி நட்டுச் செடியாக்குவது. செம்பருத்திக் குச்சியை ஒடித்துக் குத்தினால் தானே வந்துவிடும் என்று எல்லாரும் சொல்வார்கள். குத்திப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், மூன்றாவது வாரம் பாதிக்குப் பாதி அடி கறுத்து நிற்கும். அதற்குக் கைராசி என்று ஒரு காரணத்தையும் தயாராக வைத்திருப்பார்கள். கைராசியில் ஒன்றும் இல்லை. வெட்டியதிலிருந்து நடும்வரை எவ்வளவு நேரம் போயிற்று, எத்தனை இலையை மிச்சம் விட்டோம், அடியில் ஈரம் எவ்வளவு என்ற மூன்றிலேயே முக்கால்வாசி விஷயம் முடிந்துவிடுகிறது.

நேரத்தை அளக்க நல்ல கடிகாரம் ஒன்று உண்டு. பங்க் ராக்குக்குப் பின் வந்த போஸ்ட்-பங்க் இசையில் பேர்போன ஜாய் டிவிஷன் குழுவின் ‘அன்நோன் பிளெஷர்ஸ்’ என்ற எல்பி இசைத்தட்டு. 1979 ஜூனில் மான்செஸ்டரின் ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. மொத்தம் 40 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு, பக்கத்துக்கு ஏறக்குறைய 20. அந்தத் தட்டில் முதல் பக்கம், இரண்டாம் பக்கம் என்று போடாமல் ஒரு பக்கத்துக்கு ‘அவுட்சைட்’, மறுபக்கத்துக்கு ‘இன்சைட்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கட்டிங் போடுகிறவர்களுக்கென்றே அச்சடித்த மாதிரி இருக்கிறது. வெளிப்பக்கம் ஓடும்போது செடியருகே வெட்டும் வேலை. தட்டைத் திருப்பிப் போட்டபின் நிழலில் நடும் வேலை. போனில் கேட்பவர்களும் நடுவில் நிறுத்தி மூச்சு விட்டுக்கொள்ளுங்கள், அந்த இடைவெளியில் செய்ய ஒரு காரியம் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. எல்பி தட்டை மாடிக்குக் கொண்டுபோகாதீர்கள். நம் ஊர் வெயிலில் அது அப்பளம் மாதிரி வளைந்துவிடும். தட்டு உள்ளேயே சுழலட்டும், ஸ்பீக்கரை ஜன்னல் பக்கம் திருப்பினால் போதும்.

வெளிப்பக்கம்

முந்தைய நாள் மாலையே தாய்ச்செடிக்கு வயிறு நிறையத் தண்ணீர் விடவேண்டும். காலை 7 மணிக்குள் வெட்டினால் தண்டில் நீர் ததும்ப நிற்கும். 11 மணி வெயிலில் வெட்டிய குச்சி வெட்டும்போதே தாகத்தில் இருக்கிறது. வேரில்லாமல் இன்னும் ஐந்தாறு வாரம் அது தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

எந்தக் கிளை? நுனியின் பச்சைத் தண்டும் வேண்டாம், அடியின் மரத்தண்டும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில், பச்சைத் தோலில் பழுப்புக் கோடு விழத் தொடங்கிய, பென்சில் கனத் தண்டு. ஓரத்துத் துண்டு ஒன்றை வளைத்துப் பாருங்கள். முதலில் வளைந்து கொடுத்து, மேலும் வளைத்தால் ‘சடக்’ என்று ஒடியவேண்டும். துணி மாதிரி மடங்கினால் இளசு, அது அழுகும். வளையவே மாட்டேன் என்றால் முற்றல், வேர் விட வெகுநாளாகும். பூக்காத கிளை கிடைத்தால் உத்தமம். மொட்டுள்ள கிளைதான் இருக்கிறது என்றால் மொட்டுகளைக் கிள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் தண்டில் இருக்கும் கொஞ்சம் சர்க்கரையும் அங்கேதான் ஓடும்.

நீளம் 15 சென்டிமீட்டர், கணு மூன்று அல்லது நான்கு. நீளக் குச்சி வைத்தால் பெரிய செடி சீக்கிரம் கிடைக்கும் என்று ஒரு முழம் வெட்டுகிறவர்கள் உண்டு. வேரில்லாத தண்டுக்கு நீளம் வெறும் சுமை, ஒவ்வோர் அங்குலமும் நீரை இழக்கும் இடம். வயர் குழுவின் ‘பிங்க் ஃபிளாக்’ தட்டில் (1977) 21 பாட்டுகள், எல்லாம் சேர்த்து 36 நிமிடத்துக்குள். சொல்ல வந்தது தீர்ந்ததும் பாட்டு டக்கென்று நின்றுவிடும். குச்சியையும் அப்படித்தான் வெட்டவேண்டும்.

அடி வெட்டு கணுவுக்கு அரை சென்டிமீட்டர் கீழே, சாய்வாக. மேல் வெட்டு கணுவுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே, நேராக. சாய்வால் பெரிய மாயம் எதுவும் நடப்பதில்லை. குச்சிகளைக் கலைத்துப் போட்டபின் எது தலை, எது கால் என்று தெரிய அதுதான் ஒரே அடையாளம். தலைகீழாக நட்டால் ஏன் வராது என்றால், வேர் பிறப்பிக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் நுனியிலும் இளம் இலையிலும் உண்டாகி, தண்டு வழியே கால் பக்கம் நோக்கித்தான் நகரும். குச்சியைக் கவிழ்த்து வைத்தாலும் அதற்குத் திசை மாறாது.

கத்தரியைவிடப் புது பிளேடு போட்ட பேப்பர் கட்டர் மேல். ஒரு பக்கம் மட்டும் கூர், மறுபக்கம் தட்டையாக இருக்கும் தோட்டக் கத்தரி தண்டை வெட்டுவதோடு நசுக்கியும் விடுகிறது. நசுங்கிய அந்த இரண்டு மில்லிமீட்டரில்தான் அழுகல் தொடங்கும். ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகும்போது பிளேடை சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிடுங்கள்.

அடுத்தது இலை. ஆளுக்கு ஆள் தவறு செய்யும் இடம் இது. முழுதாக உருவி மொட்டைக் குச்சியாக நடுவார்கள், அல்லது மனசு வராமல் ஆறேழு இலையோடு நடுவார்கள். உச்சியில் இரண்டே இலை, அந்த இரண்டையும் குறுக்கே பாதியாக நறுக்கிவிடவேண்டும். இலை இருந்தால்தான் ஆக்சினும் சர்க்கரையும் வரும். இலை அதிகமானால் உறிஞ்ச வேரில்லாத நிலையில் நீர் மட்டும் ஆவியாகிப் போய்க்கொண்டிருக்கும். போஸ்ட்-பங்க் கேட்டுப் பழகியவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். கார்டிஃபின் யங் மார்பிள் ஜயண்ட்ஸ் குழுவில் டிரம்மரே கிடையாது. ஒரு குரல், ஒரு கிட்டார், ஒரு பேஸ், அல்லது ஓர் ஆர்கன், டேப்பில் ஓடும் மெலிசான தாளம், மிச்சமெல்லாம் காலி இடம். அதற்கு மேல் எதைச் சேர்த்தாலும் பாட்டு வாடிவிடும்.

வெட்டிய குச்சிகளை ஈரத்துணியில் சுற்றி நிழலில் வையுங்கள். தட்டின் ஊசி தூக்கிக்கொள்ளும்போது இருபது குச்சி துணிக்குள் இருக்கவேண்டும்.

உள்பக்கம்

தட்டைத் திருப்பும் இடைவெளியில் செய்யவேண்டிய காரியம் இதுதான். குச்சிகளின் அடிப்பாதியை மருந்துக் கரைசலில் நிறுத்துங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் கார்பெண்டாசிம் என்ற பூஞ்சணக்கொல்லி, 15 நிமிடம். கையுறை அவசியம், சமையல் பாத்திரம் கூடாது. கற்பூரவல்லி, புதினா, தவசிக்கீரை மாதிரி வாயில் போடும் செடிக்கு இது வேண்டவே வேண்டாம். அதற்கு சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடி லிட்டருக்கு 10 கிராம் கரைத்து அரைமணி நேரம் நிறுத்தலாம். அழுகலைத் தடுக்க டிரைக்கோடெர்மா போடுகிறவர்கள் கவனிக்க: அது நன்மை செய்யும் வகைதான், ஆனால் அதுவும் ஒரு பூஞ்சணம். கார்பெண்டாசிமில் நனைத்த குச்சியைக் கொண்டுபோய் டிரைக்கோடெர்மா கலந்த கலவையில் நட்டால், காசு கொடுத்து வாங்கிய ஒன்றால் காசு கொடுத்து வாங்கிய இன்னொன்றைக் கொன்ற கதையாகும்.

அந்த 15 நிமிடத்தில் கப்புகளை நிரப்பிவிடலாம். கலவை: தென்னை நார்த் தூள் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. வேறு எதுவும் இல்லை. மண்புழு உரம், சாணம், வேப்பம்புண்ணாக்கு எல்லாம் வேர் வந்தபின். வேரில்லாத குச்சிக்கு உரத்தை எடுத்துக்கொள்ள வாய் இல்லை. அந்த உரம் கிருமிகளுக்குத்தான் விருந்து.

நார்க்கட்டியில் ஒரு வில்லங்கம் உண்டு, உப்பு. 650 கிராம் கட்டியை வாளியில் போட்டு மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் விட்டால் சுமார் 8 லிட்டருக்கு ஊதும். அதை அப்படியே எடுக்காமல், பழைய துணியில் கட்டிப் பிழிந்து, மறுபடி ஊறவைத்து, மறுபடி பிழியவேண்டும். முதல் தண்ணீர் டிகாஷன் நிறத்தில் வரும். மூன்றாவது தண்ணீர் வெளிர் டீ நிறத்துக்கு வந்தால் போதும். கழுவாமல் போட்டால் குச்சி உயிரோடு இருக்கும், இலை ஓரம் மட்டும் கருகிக்கொண்டே வரும், வேர் நுனியும் அங்கே கருகிக்கொண்டிருக்கும். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரை விடக்கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் இருந்தால் அது தங்கம், அதில் உப்பே இருக்காது.

ஆற்று மணல் கிடைக்காத இடத்தில் எம்-சாண்ட் போடலாம். ஆனால் அதிலுள்ள மாவுத்தூள் சிமெண்ட் மாதிரி அடைத்துக்கொள்ளும். மாவுச் சல்லடையில் சலித்துக் கீழே விழும் பொடியைத் தள்ளிவிட்டு, மேலே நிற்கும் பருமணலை மட்டும் எடுங்கள். கலந்தபின் ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்க்கவேண்டும். தாரையாக ஒழுகினால் ஈரம் அதிகம். பிடியைத் திறந்ததும் உதிர்ந்தால் குறைவு.

பேப்பர் கப் இரண்டு வாரத்தில் ஊறிப்போகும். பிளாஸ்டிக் டம்ளர் சரி. அதைவிட எளிது அரை லிட்டர் பால் கவர். சோப்புப் போட்டுக் கழுவி (பால் வாசனை இருந்தால் எறும்பு வரும்), பாதி உயரத்துக்கு மடித்து, அடியின் இரண்டு மூலையையும் கத்தரித்துவிட்டால் வடிகால் தயார்.

ஒரு கப்புக்கு ஒரே குச்சி. இடம் மிச்சம் என்று ஒரே தொட்டியில் பத்தைக் குத்தினால், ஒன்றில் பிடித்த அழுகல் ஒரே வாரத்தில் பத்துக்கும் போய்விடும். தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட், மேலே சொன்ன அதே தட்டின் பதிவில், டிரம்மர் ஸ்டீபன் மாரிஸைத் தாளக்கருவிகளைத் தனித்தனியாக வாசிக்க வைத்தார் என்பது ரசிகர்களுக்குத் தெரிந்த கதை. ஒன்றின் ஓசை மற்றதன் மைக்கில் கசியக்கூடாது என்ற பிடிவாதம். வாசிப்பவருக்கு அது தலைவலிதான். தோட்டத்தில் அந்தப் பிடிவாதத்துக்கு உடனடிப் பலன் உண்டு.

இப்போது ஹார்மோன் பொடி. டால்க் பவுடரில் ஐபிஏ என்ற ஆக்சின் கலந்தது. டப்பாவில் சதவீதம் போட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். இளந்தண்டுக்கு 0.1, செம்பருத்தி மாதிரி நடுத்தரத்துக்கு 0.3, காகிதப்பூவின் முற்றிய தண்டுக்கு 0.8. அதிகம் போட்டால் வேர் அதிகம் வரும் என்று 0.8-ஐ இளந்தண்டில் தேய்த்தால் அடி கறுத்துச் சாகும். அதை அழுகல் என்று நினைத்து அடுத்த முறை தண்ணீரைக் குறைப்பார்கள், தவறு வேறெங்கோ இருக்கும். பொடியை ஒரு மூடியில் கொஞ்சம் கொட்டிக்கொண்டு, ஈரம் சொட்டாத குச்சியின் அடி இரண்டு சென்டிமீட்டரைத் தொட்டு, விரலால் தட்டி உதறுங்கள். தொட்ட மிச்சத்தை டப்பாவில் திருப்பிக் கொட்டாதீர்கள். ஈரமும் கிருமியும் சேர்ந்து முழு டப்பாவும் வீணாகும்.

கலவையில் பென்சிலால் துளை போட்டுத்தான் குச்சியை இறக்கவேண்டும். நேராகக் குத்தினால் பொடி முழுதும் மேல் மணலிலேயே துடைத்துக்கொண்டு போய்விடும். இரண்டு கணு உள்ளே, மிச்சம் வெளியே. இரண்டு விரலால் சுற்றிலும் அமுக்கி, தண்டைத் தொட்டுப் பார்த்தால் ஆடக்கூடாது. குச்சிக்குக் கால் நிமிடம். வேகமான கைக்கு இருபதும் ஐந்து நிமிடத்தில் ஆகும். புதுக்கையாக இருந்தால் தட்டு முடிந்தபின்னும் நாலைந்து மிஞ்சும், பரவாயில்லை.

ஹார்மோன் பொடிக்குப் பதிலாக இளநீர் என்று பலர் சொல்கிறார்கள். இளநீரில் வளர்ச்சிப் பொருள் இருப்பது உண்மைதான். ஆனால் அதில் முக்கியமானவை சைட்டோகைனின் வகை. அவை துளிரைத் தூண்டும், வேருக்கு எதிர்த்திசையில் இழுக்கும். போதாக்குறைக்கு அந்தச் சர்க்கரைக்கு எறும்பு வரும், பூஞ்சணம் வரும். இளநீரை வெட்டிய கையோடு குடித்துவிடுவதே நல்லது. தேனும் பட்டைத்தூளும் வெட்டுவாயில் கிருமியைக் கொஞ்சம் தடுக்கலாம், வேர் விடவைக்காது.

மூடி வைத்தபின்

வேரில்லாத ஐந்து வாரத்துக்குக் காற்றிலுள்ள ஈரம்தான் குச்சிக்குத் தண்ணீர். இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்த்துவிட்டால் ஒரு கப்புக்குக் குடில் தயார். இருபதுக்கும் சேர்த்து என்றால் ஒரு பழக்கூடையில் அடுக்கி, மேலே கண்ணாடி பாலித்தீனை இழுத்துக் கட்டலாம். கவரின் உட்புறம் காலையில் பனி மாதிரி நீர் பூத்திருக்க வேண்டும். அது இருக்கும்வரை தண்ணீர்க் குடத்தைத் தொடாதீர்கள். நாலு நாளைக்கு ஒருமுறை பத்து நிமிடம் திறந்து காற்று மாற்றி, உதிர்ந்த இலையைப் பொறுக்கிப் போட்டுவிட்டு மூடிவிடலாம்.

இடம்: வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் கூடாது. பாலித்தீனுக்குள் ஒரு மணி நேர வெயில் போதும், குச்சி வெந்துவிடும். வடக்கு பார்த்த பால்கனி, அல்லது 50 சதவீத ஷேட் நெட்டுக்குக் கீழே இன்னொரு செடியின் நிழல். ஆடி, ஆவணி நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரம் இலவசம், ஆனால் கப்பில் மழைத்தண்ணீர் விழாமல் கூரைக்கடியில் வையுங்கள். சித்திரை, வைகாசியில் சென்னை மாடியில் கட்டிங் போடுவது வீண் வேலை. அந்த இரண்டு மாதம் தட்டு மட்டும் கேட்கலாம்.

செடிக்கு இசை கேட்குமா என்று கேட்பவர்களுக்கு: கேட்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஸ்பீக்கர் பெட்டியின் தலையில் கப்பை வைத்தால் பாதிப்பு நிச்சயம். பப்ளிக் இமேஜ் லிமிடெட் குழுவில் ஜா வாபிள் வாசித்த பேஸ் மாதிரி ஒன்று ஓடினால் பெட்டியே நடுங்கும், தண்டும் நடுங்கும். முளைக்கும் வேர் நுனி ஒரு மில்லிமீட்டர் அசைவுக்கே ஒடியும். தட்டுகளுக்கும் கட்டிங்குக்கும் ஒரே அறை ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரே பாட்டிலின் ஈரத்தில் அட்டை உறையில் பூஞ்சை பிடிக்கும், காய்ந்த நார்த்தூள் பள்ளங்களில் படிந்து ஊசி கரகரக்கும்.

துளிரை நம்பாதே

இரண்டாவது வாரம் மேல் கணுவில் பச்சைப் புள்ளி தெரியும். வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டத் தோன்றும். அப்போது கவரைக் கழற்றியவர்கள் அழுவது நான்காவது வாரத்தில். துளிர் வந்தால் வேர் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. தண்டில் சேமித்த உணவைக் கரைத்துக் கண்மொட்டு விரிகிறது, அவ்வளவுதான். ரோஜாவில் இந்த ஏமாற்று அதிகம். நாலு இலை விரிந்து, சிவப்புத் துளிர் பளபளத்து, ஒருநாள் காலையில் தலை தொங்கிவிடும். பிடுங்கிப் பார்த்தால் அடியில் ஒரு வேர்கூட இருக்காது.

அதற்காகப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்கவும் கூடாது. செம்பருத்திக்கு நான்கிலிருந்து ஆறு வாரம், ரோஜாவுக்கும் அப்படியே, காகிதப்பூவுக்கு எட்டு வாரம்வரை ஆகும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். பிறகு தண்டை இரண்டு விரலால் பிடித்து மெல்ல மேலே தூக்குங்கள். கப்பும் சேர்ந்து எழுந்தால் வேர் பிடித்திருக்கிறது. கண்ணால் பார்க்க ஆசை என்றால் கண்ணாடிக் கப்பில் நட்டு, அதை இன்னொரு இருட்டுக் கப்புக்குள் இறக்கி வைக்கலாம். வெளிச்சம் பட்டால் உள்ளே பாசி பிடிக்கும்.

வேர் மூன்று நான்கு சென்டிமீட்டர் ஆனபின் கவரைப் படிப்படியாகத் திறக்கவேண்டும். முதல் நாள் மாலை ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு, இப்படி ஒரு வாரம் பத்து நாள். ஒரேயடியாகத் திறந்தால் வேருள்ள செடியும் வாடும், குடிலுக்குள் வளர்ந்த இலைக்கு வெளிக்காற்று பழக்கமில்லை. தொட்டிக்கு மாற்றுவதையும் தள்ளிப்போடாதீர்கள். கப்பின் உள்சுவரைச் சுற்றி வேர் வளையம் போட்டுவிட்டால் எடுக்கும்போதே அறுபடும். பப்ளிக் இமேஜ் லிமிடெட் 1979 நவம்பரில் மூன்று 12 அங்குலத் தட்டுகளை வட்டத் தகர டப்பாவில் இறுக அடைத்து விற்றது. பார்க்க அழகு, ஆனால் தட்டை வெளியே எடுப்பதற்குள் கீறல் விழுந்துவிடும்.

குச்சி என்ன சொல்கிறது

அடியிலிருந்து கறுப்பு மேலேறி, தொட்டால் கொழகொழ என்றிருந்தால் ஈரம் அதிகம். அந்தக் கப்பைக் கலவையோடு தூக்கி எறியுங்கள், மறுபடி பயன்படுத்தாதீர்கள். மேலிருந்து கீழே காய்ந்து வந்தால் கவரில் ஓட்டை, அல்லது வெயில். முதல் வாரத்திலேயே இரண்டு இலையும் மஞ்சளாகி உதிர்ந்தால் பயப்பட வேண்டாம், நகத்தால் தோலை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. கப்பின்மேல் பொடிப்பொடியாகக் கறுப்பு ஈ பறந்தால் அதன் புழு அடியில் வேர் நுனியைத் தின்றுகொண்டிருக்கிறது. மேலே ஒரு சென்டிமீட்டர் காய்ந்த மணலைப் பரப்பினால் முட்டையிட இடமில்லாமல் போகும்.

எல்லாம் சரியாகச் செய்தும் சில செம்பருத்தி வராது. நர்சரியில் கைத்தட்டு அகலத்தில் மூன்று நிறம் கலந்து பூக்கும் ஹைபிரிட் வகைகளில் பல அப்படி. அவற்றை நாட்டுச் செம்பருத்தியில் ஒட்டுக்கட்டித்தான் விற்கிறார்கள். நாட்டுச் சிவப்பு, அடுக்குச் செம்பருத்தி இரண்டும் சண்டை போடாமல் வரும். ரோஜாவில் பன்னீர் ரோஜா சுலபம். கடை ரோஜாவின் ஒட்டுக்குக் கீழே கிளம்பும் கிளையை வெட்டி நட்டுவிடாதீர்கள், வருவது ஒட்டுக்கு அடியில் வேராக நிற்கும் வேறு ரோஜாவின் பூவாக இருக்கும்.

மற்றவை ஒரே மூச்சில்: கோலியஸ், கற்பூரவல்லி ஒரு வாரம் பத்து நாளில் வேர் விடும், ஹார்மோன் வேண்டாம். கற்பூரவல்லிக்கு மூடியும் வேண்டாம், அழுகிவிடும். மணி பிளான்டில் கணு இல்லாத துண்டு வெகுநாள் தண்ணீரில் பச்சையாகவே நிற்கும், புதுக்கொடி மட்டும் வராது. தண்ணீரில் விட்ட வேர் நொறுங்கும் வகை, மண்ணுக்கு மாற்றினால் முதல் வாரம் ஈரம் குறையக்கூடாது. பெருங்கள்ளி, டிராகன் பழம் எல்லாம் வெட்டியதும் நடாதீர்கள், நாலைந்து நாள் நிழலில் காயம் ஆறட்டும். மல்லிக்கு மணல் அதிகமாக இருந்தால் நல்லது. ராமேசுவரம் தீவின் தங்கச்சிமடம் பக்கம் மல்லி நாற்றுக்குப் பேர்போனது சும்மா இல்லை, அங்கே மண்ணே மணல்தான். அரளி வெட்டும்போது கையுறை போடுங்கள், அதன் பால் விஷம், வெட்டிய குச்சியைக் கொளுத்தவும் கூடாது.

கட்டிங் என்பது நகல். தாய்ச்செடியின் பூ அப்படியே வரும் என்பதுதான் விதையைவிட அதன் லாபம். ஆனால் ஓர் இடத்தில் நகல் பிசகும். ஓரம் மஞ்சளாக இருக்கும் பாம்புச்செடியின் இலையைத் துண்டு போட்டு நட்டால் குட்டி வரும், மஞ்சள் ஓரம் வராது, முழுப்பச்சையாகத்தான் வரும். அந்த இலையில் இரண்டு வகைத் திசு அடுக்கடுக்காக ஒட்டி வாழ்கிறது. புதுக்குட்டி முளைப்பது உள்ளே இருக்கும் பச்சை அடுக்கிலிருந்து. மஞ்சள் ஓரம் வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்து நடுவது ஒன்றே வழி.

இசையிலும் கட்டிங் போடுகிறவர்கள் உண்டு. வயர் 1977-ல் போட்ட ‘த்ரீ கேர்ள் ரும்பா’வின் கிட்டார் அடியை எலாஸ்டிகா என்ற குழு 1994-ல் ‘கனெக்‌ஷன்’ பாட்டில் நட்டது. தகராறு நீதிமன்றத்துக்கு வெளியே பேசி முடிந்தது. அந்த எலாஸ்டிகாவின் ஜஸ்டின் ஃபிரிஷ்மனோடு பழகியவர்தான் யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்த மாயா அருள்பிரகாசம் என்ற பாடகி எம்.ஐ.ஏ. ஃபிரிஷ்மனிடம் இருந்த ரோலண்ட் எம்சி-505 என்ற தாளம் கட்டும் மின்னணுப் பெட்டியில் அவர் பாட்டுக் கட்டத் தொடங்கினார். தந்தையின் இயக்கப் பெயரைத் தாங்கிய அவரது முதல் தட்டு ‘அருளர்’ 2005-ல் வந்தது. யார் தொட்டியில் எந்தக் குச்சி வேர் பிடிக்கும் என்று சொல்லவா முடியும்.

கணக்கு

1978-ல் ஸ்கிரிட்டி பொலிட்டி என்ற குழுவினர் தங்கள் முதல் தட்டின் உறையிலேயே பதிவுக்கு எவ்வளவு, அச்சுக்கு எவ்வளவு என்று செலவுக் கணக்கை அடித்துக் கொடுத்தார்கள், படிப்பவர் தானும் ஒன்று போடட்டும் என்று. இருபது கட்டிங்குக்கு அதே மாதிரி ஒரு கணக்கு. விலை ஊருக்கு ஊர் மாறும், அளவு மாறாது. கப்புக்கு 200 மில்லி வீதம் 4 லிட்டர் கலவை. அதில் கழுவிய நார்த்தூள் 2 லிட்டர், அதாவது கட்டியில் கால் பாகம், சலித்த மணல் 2 லிட்டர். கார்பெண்டாசிம் 1 கிராம். ஹார்மோன் பொடி அரை டீஸ்பூன், அதிலும் மிஞ்சும். பால் கவர் 20. ஸ்பிரிட் ஒரு மூடி. கண்ணாடி பாலித்தீன் ஒரு மீட்டர். ஜாய் டிவிஷன் ஒரு தடவை.

வேர் பிடித்தது பதினைந்து என்றால் வீட்டுக்கு இரண்டு போதும், மிச்சத்தைக் கொடுத்துவிடலாம். கொடுப்பதற்கு முன்னால் ஒரு காரியம். இலைக்கும் தண்டுக்கும் நடுவிலுள்ள கக்கத்தைக் கண்ணாடி போட்டுப் பாருங்கள், வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கிறதா என்று. பப்பாளி மாவுப்பூச்சியை இந்தியாவில் முதலில் பதிவு செய்தது 2008-ல் கோயம்புத்தூரில். பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று அது ஏறியது. அதை அடக்க வெளிநாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவர 2010 ஆயிற்று. ஒரே ஒரு பஞ்சு தெரிந்தாலும் ஸ்பிரிட் தொட்ட பட்ஸால் துடைத்து, அந்தக் கப்பை மட்டும் இரண்டு வாரம் தனியாக வையுங்கள். சுத்தமாக இருப்பதன் கவரில் மார்க்கரால் மூன்றே விஷயம் எழுதினால் போதும்: பூவின் நிறம், நட்ட தேதி, கடைசியாகத் தண்ணீர் விட்டது எப்போது.